மில்லுக்கு ஒரு செயலி வேணுமா?

கேள்வி: சுன்னாகத்தில் அப்பா நடத்துகிற மில்லின் கணக்கு வழக்கை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஊர்ச் சனம் மிளகாயும் அரிசியும் கொண்டுவந்து திரித்துக்கொண்டு போவது ஒரு பக்கம். இரண்டு வருடமாகக் கறித்தூள், ஒடியல் மா, குரக்கன் மா என்று நாங்களே பக்கற்றிலும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். “இனி எல்லாம் மொபைல்தான் அக்கா. அன்ட்ரொயிட் திறந்த தளம், யாரும் உள்ளே போய் வியாபாரம் செய்யலாம். உங்கள் மில்லின் பெயரில் ஒரு அப் செய்து தருகிறேன், நாலு லட்சம்” என்கிறார். தொகையைக் கேட்டதும் அப்பா எழும்பிப் போய்விட்டார். ரொறன்ரோவில் இருக்கிற அத்தானோ, செய்வதென்றால் ஐபோனுக்கும் சேர்த்துச் செய் என்கிறார். பேஸ்புக் பக்கம் ஒன்று இருக்கிறது. முந்தி ஒரு படம் போட்டால் நூறு பேர் பார்ப்பார்கள், இப்போது பத்துப் பேர். இந்தத் ‘திறந்த தளம்’ என்பது என்ன? எங்களைப் போன்ற சின்ன வியாபாரத்துக்கு அதில் உண்மையிலேயே ஏதும் இருக்கிறதா?
– ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்குத்தான் நாலு லட்சம் கேட்கிறார்.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். 2007க்கு முன்னர் ஒரு போனுக்குள் என்ன இருக்கலாம் என்பதைப் போன் செய்கிற கொம்பனியும் இணைப்புத் தருகிற கொம்பனியும்தான் பெரும்பாலும் தீர்மானித்தன. விளம்பரம் செய்ய நினைத்தவருக்கு இருந்தது பெரும்பாலும் எஸ்எம்எஸ்தான். ‘இந்தப் பாட்டை ரிங்ரோனாக வைக்க நாலிலக்க எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று வந்த செய்திகள் உங்களுக்கும் நினைவிருக்கும். 2007 நவம்பரில் கூகுள் முன்னின்று, 34 நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி ஒன்று, போனை இயக்குகிற அடிப்படை மென்பொருளான அன்ட்ரொயிட்டை அறிவித்தது. அடுத்த ஆண்டு முதல் போன் விற்பனைக்கு வந்தது. அதன் அடிப்படை நிரலை எவரும் எடுத்துத் தங்கள் போனில் போடலாம் என்று விட்டதால், கொரியாக்காரரும் சீனாக்காரரும் போட்டி போட்டு விலையைக் கீழே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிறவரின் சட்டைப் பையிலும் ஒரு கமெரா, ஒரு வரைபடம், ஒரு வாட்ஸ்அப் இருக்கிறதென்றால் அதனால்தான். உங்கள் வாடிக்கையாளர் எல்லாரையும் இந்தத் திறப்பு ஏற்கெனவே உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டது. அதற்கு நீங்கள் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது திறப்பு போனுக்கு உள்ளே நடக்கிறது. எனக்குப் பிடித்ததும் அதுதான். மருதனார்மடத்தில் ஒரு அம்மா உங்கள் தூள் பக்கற்றைப் படம் எடுக்கிறார் என்று வையுங்கள். படத்துக்குக் கீழே ‘பகிர்’ என்ற பொத்தானை அழுத்துகிறார். வாட்ஸ்அப், வைபர், மின்னஞ்சல், புளூடூத் என்று ஒரு வரிசை விரிகிறது. வைபரைத் தொடுகிறார். படம் லண்டனில் இருக்கிற மகளுக்குப் போய்விட்டது. படம் எடுத்த செயலியை எழுதினவருக்கும் வைபரை எழுதினவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனாலும் ஒரு செயலி தன் கையில் இருப்பதை மற்றதிடம் கொடுக்கலாம் என்று அன்ட்ரொயிட் முதலிலிருந்தே வழி வைத்திருந்தது. விசைப்பலகையும் அப்படியே. 2009இல் வந்த 1.5ஆம் பதிப்பிலேயே வெளியார் செய்த விசைப்பலகையைப் போட அன்ட்ரொயிட் விட்டது. ஐபோனில் அதற்கு 2014 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. செல்லினம் போன்ற தமிழ் விசைப்பலகைகள் அன்ட்ரொயிட்டில் அந்த வழியால்தான் ஊன்றின. எழுதப் பஞ்சிப்படுகிறவர்கள் இப்போது பேசியே தேடுகிறார்கள். கூகுளின் குரல் தட்டச்சில் 2017 முதல் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனியாகவே இருக்கிறது.

மூன்றாவது திறப்பு கூகுளின் செயலிக் கடையான பிளே ஸ்டோர். 25 டொலர் ஒரே தடவை கட்டினால் யாரும் கணக்குத் திறந்து செயலி போடலாம். தம்பி உங்களுக்கு விற்க வந்தது இந்த மூன்றாவதை. மூன்றிலும் உங்களுக்கு ஆகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நான் சூடு கண்டவன். சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு நானே செயலி செய்து கொடுத்தேன். கடை வாசலில் இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, செயலியை இறக்கிக் காட்டுகிறவர்களுக்கு அன்றைய பில்லில் கழிவு என்று அறிவித்தோம். முதல் கிழமையில் முந்நூறு பேருக்கு மேல். முதலாளி எனக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நாற்பது சொச்சம் போன்களில்தான் அது உயிரோடு இருந்தது. மற்றவர்கள் எங்கே போனார்கள்? கடைக்கு வழமையாக வருகிற ஒரு அம்மாவிடம் கேட்டேன். “தம்பி, பேரப்பிள்ளையின்ர படம் எடுக்க இடமில்லை எண்டு போன் சொல்லிச்சுது. எதை அழிக்கிறது எண்டு பாத்தன். உங்கட கடையைத்தான் அழிச்சன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு விளங்கட்டும் என்று சொன்னார். எனக்கும் விளங்கிவிட்டது. பேரப்பிள்ளையின் படத்தோடு போட்டி போட்டு வெல்கிற கடை யாழ்ப்பாணத்தில் கிடையாது.

ஒருவர் கிழமைக்கு இரண்டு மூன்று தரமாவது திறக்கத் தேவையிருந்தால்தான் ஒரு செயலிக்கு அவருடைய போனில் இடம் கிடைக்கும். வங்கி, பஸ் பதிவு, சாப்பாடு ஓடர், பிள்ளையின் ரியூசன் அட்டவணை இப்படி. ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ தூள் மாதக்கணக்கில் வரும். நடுவில் உங்கள் செயலியைத் திறக்க அவர்களுக்கு என்ன வேலை?

செலவும் அந்த நாலு லட்சத்தோடு நிற்காது. அன்ட்ரொயிட் ஒவ்வொரு வருடமும் புதுப் பதிப்பு விடுகிறது. அதற்கேற்பச் செயலியைப் புதுப்பிக்கச் சொல்லி பிளே ஸ்டோர் கட்டளை போடும். கவனிக்காமல் விட்டால், சில காலத்தில் புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு உங்கள் செயலி ஸ்டோரில் கண்ணிலேயே படாது. ஆக, தம்பிக்கு வருடா வருடம் வேலை இருக்கும், உங்களுக்கு வருடா வருடம் பில் வரும். இன்னொன்று, ஹுவாவே போன்கள். 2019இல் அமெரிக்கா போட்ட தடைக்குப் பிறகு வந்த ஹுவாவே போன்களில் பிளே ஸ்டோர் இல்லை. உள்ளே இருப்பது அதே திறந்த நிரல்தான், ஆனால் கூகுளின் கடை அதற்குள் இல்லை. அன்ட்ரொயிட் திறந்தது என்கிறபோது அத்திவாரம்தான் திறந்தது. மேலே கட்டின கடைக்குக் கதவும் உண்டு, பூட்டும் உண்டு. இதை விற்கிறவர்கள் சொல்லமாட்டார்கள்.

பிற்காலத்தில் உண்மையாகவே செயலி செய்கிற நிலை வந்தால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிளே ஸ்டோர் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். செய்து தருகிறவரின் கணக்கில் போட்டால், அவரோடு மனஸ்தாபம் வந்த அன்று கடைச் சாவி அவருடைய பையில் இருக்கும். தனி ஆளின் பெயரில் புதுக் கணக்கென்றால், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகுதான் எல்லாருக்கும் விட முடியும். ஆகவே ‘நாளைக்கே போட்டுத் தாறன்’ என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

சரி, முதலில் சொன்ன இரண்டு திறப்பையும் வைத்து என்ன செய்யலாம்?

முதல் வேலை வரைபடம். இன்று பின்னேரமே ஒருவரை மில்லின் பெயரைப் போட்டு கூகுள் மப்பில் வழி பார்த்து வரச் சொல்லுங்கள். நம் ஊர் ஒழுங்கைகளில் புள்ளி ஒன்று இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்திருப்பது சாதாரணம். ஊர்க்காரருக்கு அது பிரச்சினையில்லை, ‘சந்தியில இறங்கி, வைரவர் கோயிலுக்குப் பின்னால’ என்றால் வந்துவிடுவார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைக்கு வைரவர் கோயில் தெரியாது, மப்பில் விழுந்திருக்கிற புள்ளிதான் தெரியும். கூகுளின் வணிகப் பக்கத்தை உங்கள் பெயரில் உரிமை கோருங்கள், அது இலவசம். கடையை வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கக்கூடும், பெயர்ப் பலகை தெரிய எடுத்தால் போதும். புள்ளியைச் சரியான வாசலில் வையுங்கள். பெயரைப் பலகையில் உள்ளபடியே போட்டு, விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சுன்னாகத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறவர்கள் நாம், தேடுகிறவர்களும் அப்படித்தான் தேடுவார்கள். திறக்கிற நேரம், பூட்டுகிற நேரம் சரியாக இருக்கட்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளியூர், வெளிநாட்டுச் சனம் நிறைந்து கிடக்கிற காலம். அந்த நாட்களில் நேரம் மாறினால் அதையும் மாற்றிவிடுங்கள். வெயிலில் வந்து பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினவர் மறுபடி வரமாட்டார். படங்களில் பளபளப்பு வேண்டாம். மிளகாய் வறுபடுகிற தாச்சி, தூள் விழுகிற வாய், தராசுக்குப் பக்கத்தில் அப்பா. இந்த மூன்று போதும்.

இரண்டாவது, பக்கற்றில் ஒரு கியூஆர். 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் ஒரு பிரிவு (இன்றைய டென்சோ வேவ்) இதைக் கண்டுபிடித்தது. காப்புரிமை கையில் இருந்தும், எல்லாரும் பாவிக்கட்டும் என்று காசு கேட்காமல் விட்டது. திறந்த தளத்தின் அருமை அதிலேயே தெரிகிறது. நம் சனத்துக்குக் கியூஆரைப் பழக்க நீங்கள் கஷ்டப்படவும் வேண்டாம். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று நின்று எல்லாரும் பழகிவிட்டார்கள். என் மாமி எரிபொருள் கியூஆரை லாமினேற் பண்ணிச் சாமித் தட்டில் வைத்திருந்தவர்.

இதில் பலர் பிழை விடுகிற இடங்கள் இருப்பதால் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன். கியூஆரை வருடினால் மில்லின் வாட்ஸ்அப் திறக்க வேண்டும், அதில் ஒரு சொல் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும், வாடிக்கையாளர் அனுப்புகிற பொத்தானை அழுத்தினால் மட்டும் போதும். வாட்ஸ்அப் இதற்கென்றே நேரடி இணைப்பு வசதி வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கடைக்குக் கடை மாற்றுங்கள். திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற பக்கற்றில் ‘தூள் 1’, கஸ்தூரியார் வீதிக் கடைக்குப் போவதில் ‘தூள் 2’, நெல்லியடிக்கு ‘தூள் 3’. ஒரு மாதம் கழித்து எந்தக் கடையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணலாம். பெரிய கொம்பனிகள் காசு கொட்டித் தேடுகிற கணக்கு இதுதான். உங்களுக்கு ஸ்ரிக்கர் அடிக்கிற காசோடு கிடைத்துவிடுகிறது.

ஏன் ‘தூள் 1’ என்று இவ்வளவு சுருக்கம்? ‘உங்கள் கறித்தூள் பற்றி அறிய விரும்புகிறேன்’ என்று அழகாக எழுதலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். இணைப்புக்குள் போகும்போது தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக நீளும். ‘தூ’ என்பது தகரமும் ஊகாரக் குறியும் சேர்ந்தது, ஆக அது ஒன்றே பதினெட்டு. ஒரு முழு வசனம் போட்டால் கியூஆர் எறும்புப் புற்றுப்போல் நெருங்கிவிடும், மலிந்த போன் கமெரா அதை வாசிக்கத் திணறும். சொல் சுருங்கினால் கட்டங்கள் பெரிதாகும், கெதியாக வாசிக்கும்.

பிறகு எண்ணெய்க் கை. தூள் பக்கற் இருக்கிற இடம் குசினி. கறை படும், கசங்கும். கியூஆர் செய்யும்போது பிழைதிருத்த அளவு என்று நாலு படி காட்டும். ஆக உயர்ந்ததை எடுத்தால் ஏறக்குறைய 30 சதவீதம் அழிந்தாலும் வாசிக்கும். அதை எடுங்கள். வெள்ளையில் கறுப்பாகவே அடியுங்கள். மிளகாய் நிறத்தில் அடித்தால் வடிவாகத்தான் இருக்கும், சில போன்கள் வாசிக்கத் திணறும். இரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறையவே வேண்டாம், பக்கற்றின் வளைவிலோ ஒட்டுகிற மடிப்பிலோ போடவும் வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கியூஆர் செய்து தருகிற சில இடங்களில், சோதனைக் காலம் முடிந்ததும் அந்தக் கியூஆர் செத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஐயாயிரம் பெட்டி அச்சடித்த பிறகுதான் இதை அறிந்தார். இணைப்பு நேரடியாக வாட்ஸ்அப்புக்குப் போகிறதா, இடையில் வேறு யாருடைய விலாசமும் வருகிறதா என்று அச்சுக்குக் கொடுக்க முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற இலவசச் செயலி 2018இல் வந்தது. பொருள் பட்டியல், தானாகப் போகிற பதில், ‘காசு வந்தது’, ‘அனுப்பியாச்சு’ என்று ஒட்டுகிற அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மில்லுக்கென்று தனி இலக்கம் எடுங்கள், உங்கள் சொந்த இலக்கத்தில் வேண்டாம். இராத்திரி பத்து மணிக்கு அரிசி மா கேட்டு வருகிற வொய்ஸ் மெசேஜுக்கு நீங்கள் நன்றி சொல்லமாட்டீர்கள். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால் முதல் பதிலிலேயே ‘இந்த இலக்கத்தை மில் என்று சேமித்துக்கொள்ளுங்கோ’ என்று கேட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் பாவிக்காத மூத்தவர்களுக்கு எஸ்எம்எஸ் இன்னும் நல்லது. ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துப் போகும். தமிழ் என்றால் 70தான், அதைத் தாண்டினால் இரண்டு செய்தியின் காசு. எண்ணுவதும் நாம் எண்ணுகிற மாதிரியில்லை. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. புள்ளியையும் அது தனியாக எண்ணும். ‘இன்று மிளகாய் வறுத்தோம். நாளை தூள் தயார்.’ என்பது 41. மிச்சம் 29இல் மில்லின் பெயரும் போன் இலக்கமும் அடங்கிவிடும். இந்த இரண்டு வசனத்தைவிட நல்ல விளம்பரம் எழுத எனக்கும் வராது. வறுத்த வாசம் அதிலேயே வந்துவிடுகிறது.

யாருக்கு அனுப்பலாம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரீலோட் கடையில் இலக்கம் எழுதி வைத்திருக்கிற கொப்பியை விலைக்கு வாங்கி எல்லாருக்கும் அனுப்புகிற வேலை நம் ஊரிலும் நடக்கிறது. செய்யாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்தி அனுப்ப ஆளின் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்று விலகவும் இலகுவான வழி இருக்கவேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், போனே இப்போது வாடிக்கையாளரின் பக்கம்தான் நிற்கிறது. அன்ட்ரொயிட் 13 முதல் ஒரு செயலி அறிவிப்பு அனுப்புவதற்கே அவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு தட்டில் உங்களைத் தடுத்துவிடலாம். திறந்த தளத்தில் உங்களுக்குக் கதவு திறந்திருப்பதுபோல் வெளியே தள்ளவும் கதவு திறந்தே இருக்கிறது.

அப்பாவிடம் கட்டாயம் ஒரு சிட்டைக் கொப்பி இருக்கும். யார் எத்தனை கொத்து அரிசி கொண்டுவந்தார், எப்போது எடுக்க வருவார் என்று எழுதுகிறது. அதில் ஒரு கோடு போட்டு இரண்டு நிரல் கூட்டுங்கள். ஒன்றில் போன் இலக்கம். மற்றதில் ‘புதுத் தூள் வந்தால் சொல்லவா?’ என்று கேட்டு ஓம் என்றால் ஒரு சரி. அவ்வளவுதான். பேஸ்புக் பக்கம் வாடகைக் காணி, நூறு பேர் பார்த்தது பத்தாகக் குறைந்ததற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, காணிக்காரர் வேலியை நகர்த்திவிட்டார். வாட்ஸ்அப்பும் அதே வீட்டுக்காரருடையதுதான் என்பதையும் மறக்க வேண்டாம். கொப்பி உங்களுடையது. நாளைக்கு வாட்ஸ்அப் போய் வேறொன்று வந்தாலும் இலக்கங்கள் கொப்பியில் இருக்கும்.

காசு வாங்குவதற்கு உங்கள் வங்கியில் லங்கா கியூஆர் பலகை கேளுங்கள். மத்திய வங்கி வகுத்த பொதுத் தரம் அது. உங்கள் கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும் வருகிறவர் அதில் சேர்ந்த தன் வங்கியின் செயலியால் கட்டலாம். வெளிநாட்டு அட்டைக்கு பேஹியர் போன்ற சேவைகள் உண்டு, அதை ஓடர் கூடின பிறகு பார்க்கலாம்.

வெளிநாடு என்றதும் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகப் பெரிய வாய்ப்பாகப் பட்டது அவர்தான், ஆனால் அவர் நினைக்கிற விதத்தில் அல்ல. தூளை ரொறன்ரோவுக்கு அனுப்புகிற யோசனையை ஒதுக்கி வையுங்கள், அது வேறு தொழில். காசு கொடுக்கிறவர் ரொறன்ரோவில், சாப்பிடுகிறவர் இணுவிலில் என்ற வியாபாரம் உங்கள் காலடியில் கிடக்கிறது. தனியாக இருக்கிற அம்மாவுக்கு மாதம் ஒரு தரம் தூளும் மாவும் போய்ச் சேரவேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். அம்மா வீட்டின் இருப்பிடத்தை அயலில் இருக்கிற யாராவது போனிலிருந்து அனுப்புகிறார். உங்கள் ஆள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அம்மா சரி என்றால் பக்கற்றோடு ஒரு படம், அது ரொறன்ரோவுக்குப் போகிறது. அந்தப் படத்தை மகன் தன் குடும்பக் குழுவில் போடாமல் இருக்கமாட்டார். அந்தக் குழுவில் இன்னும் இருபது பேருடைய அம்மாமார் உரும்பிராயிலும் கோப்பாயிலும் சாவகச்சேரியிலும் இருக்கிறார்கள். பகிர் பொத்தானின் வேலை என்று முன்னர் சொன்னேனே, அது இதுதான். முதலில் சைக்கிள் எட்டுகிற தூரத்தோடு நிறுத்துங்கள். சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால் அதே குழுவில் அந்தக் கதையும் போகும்.

ஒரே ஒரு பயம் காட்டிவிடுகிறேன். ஸ்டோருக்குப் போகாமல், செயலியின் கோப்பை வாட்ஸ்அப்பிலேயே எல்லாருக்கும் அனுப்பலாம், அன்ட்ரொயிட் விடும் என்று யாராவது சொல்வார்கள். விடுவது உண்மை. வங்கிக் கணக்கைத் துடைக்கிற கள்ளர் வருவதும் அதே வழியால்தான். அப்படி வருகிற எதையும் தொடாதீர்கள் என்று நாம் வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்க, நாமே அனுப்பக்கூடாது.

தம்பியை ஒரேயடியாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பிடித்துக்கொண்டு, கிழமைக்குக் கிழமை ஓடர் போடுகிற வீடு இருநூறைத் தாண்டி, வாட்ஸ்அப்பில் பதில் எழுதியே உங்கள் கை நோகிற நாள் வந்தால் அவரைக் கூப்பிடுங்கள். அப்போது செயலிக்கு வேலை இருக்கும். அதற்கு முதல் ஆறு மாதம், மூன்று கடை, மூன்று கியூஆர். எது எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று எனக்கு எழுதுங்கள். நெல்லியடி முந்தும் என்பது என் ஊகம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்

பி.கு: ஐபோன் பற்றி அத்தானுக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். ஆப்பிளில் செயலி வைத்திருக்க வருடா வருடம் 99 டொலர். மேலே சொன்ன கியூஆரும் வரைபடமும் வாட்ஸ்அப்பும் அவருடைய ஐபோனில் செலவில்லாமலே வேலை செய்யும். ஸ்ரிக்கர் அடிக்க முன் கியூஆரை அவருக்கு அனுப்பி, இன்னொரு திரையில் காட்டி ஐபோனால் வருடிப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்தால் அந்த முதல் ஓடர் அவருடையதாகவே இருக்கட்டும். காசு வாங்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.